நான் விட்டுவிட்ட வாக்கியம்

தில்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டோடு சேர்த்து நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவந்த அக்காவுக்கு எட்டு வயதில் ஒரு மகள். குழந்தையின் வலது காதுக்கு உள்ளே, மூளையை ஒட்டி ஒரு கட்டி. வெளிநாட்டில் ஒரு மருத்துவர் அதை எடுத்துவிடலாம் என்றார். பணம் திரட்டும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். விளம்பரக் கம்பெனியில் இருக்கிறேன்; மனதைத் தொடும்படி எழுதுவது என் பிழைப்பு. வாட்ஸ்அப்பில் நான் எழுதியவை எங்கெங்கோ போய், மூன்று மாதத்தில் தேவையானது சேர்ந்துவிட்டது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு அந்த மருத்துவர் வீடியோ காலில் வந்தார். அக்காவுக்கு விழுப்புரம் பக்கத்துத் தமிழும் கொஞ்சம் இந்தியும்தான் தெரியும். எங்கள் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். கட்டியை முழுதாக எடுத்துவிடலாம் என்றார்; சொன்னேன். உயிருக்கு ஆபத்து குறைவு என்றார், அதையும் சொன்னேன். பிறகு, அந்தக் காது அநேகமாகக் கேட்காமல் போய்விடும், குழந்தையிடம் இப்போதே சொல்லித் தயார்படுத்துங்கள் என்றார்.

அதை நான் சொல்லவில்லை. அக்கா பயந்துபோய் வேண்டாம் என்றுவிட்டால் இத்தனை பேருக்கு என்ன பதில் சொல்வேன் என்றுதான் தோன்றியது.

"வேற என்ன சொல்றாரு மேடம்?"

"தைரியமா இருக்கச் சொல்றார்" என்றேன். அக்கா திரையைப் பார்த்துக் கைகூப்பினார்.

அங்கே போனதும் யாராவது சொல்லிவிடுவார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன். அங்கே ஆஸ்பத்திரியில் ஒப்புதல் கையெழுத்து வாங்கியவர்களோ, ஏற்கெனவே விளக்கியாகிவிட்டது என்று விட்டுவிட்டார்களாம். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. குழந்தை சிரிக்கும் படத்தைப் போட்டு, 'முழு குணம்' என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்.

அவர்கள் திரும்பிய வாரம் பார்க்கப் போனேன். குழந்தை கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா மெதுவாகச் சொன்னார்.

"கண்ணு முழிச்சதுலருந்து காதத் தட்டிக்கிட்டே இருந்துச்சு. தண்ணி போயிடுச்சுன்னு நெனச்சிக்கிச்சு. ரெண்டு நாளா தலயச் சாச்சு சாச்சு ஒதறிச்சு." என்னைப் பார்த்தார். "அன்னைக்கு டாக்டர் இதச் சொன்னாரா மேடம்?"

இல்லை என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது.

"சொன்னார். நான்தான் உங்ககிட்ட சொல்லல."

அக்கா போர்வையை இழுத்துக் குழந்தையின் காலை மூடினார். "சொல்லியிருந்தாலும் கூட்டிட்டுதான் போயிருப்பேன். புள்ளகிட்ட மட்டும் முன்னாடியே சொல்லி வச்சிருப்பேன்."

கோபமாகக்கூட அவர் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினார், ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை.

மறுமாதம் மற்ற மூன்று வீடுகளுக்கும் வேலைக்குத் திரும்பினார். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. லிஃப்டில் பார்த்தால், நல்லா இருக்கீங்களா மேடம் என்று அவர்தான் விசாரிப்பார். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.