அம்மாவின் டிக்கெட்டில் போன ஊர்

ஒன்பது வயதில் அமெரிக்கா போய் வந்தவள் நான். இதைச் சொன்னால் ஈப்போவில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர் எண்பதுகளிலேயே உங்கள் வீட்டில் அவ்வளவு வசதியா என்று வாயைப் பிளப்பார்கள். வசதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அப்பா பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்வெட்டிக் கடைசியில் கங்காணி ஆனவர். அம்மாவும் அதே தோட்டத்தில் பால்வெட்டியவர்தான். நான் போனது அம்மாவுக்கு வந்த டிக்கெட்டில். அது வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

டிக்கெட் அனுப்பியவர் அண்ணன். எனக்கும் அவருக்கும் பதினாறு வயது வித்தியாசம். நடுவில் பிறந்தவை தங்கவில்லை. நான் பால்வாடியில் இருக்கும்போதே அவர் உபகாரச் சம்பளம் கிடைத்து கலிஃபோர்னியாவில் ஒரு சின்ன ஊருக்கு விவசாயம் படிக்கப் போய்விட்டார். ஒரு பெரிய கல்லூரியும் அதைச் சுற்றித் தக்காளிக் காடுமாக இருக்கிற ஊர். ஒரு மணி நேரம் காரில் போனால் ஒயினுக்குப் போடுகிற திராட்சைத் தோட்டங்கள். தோட்டத்துப் பிள்ளை தோட்டத்தையே படிக்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று லயத்து வீடுகளில் எல்லோரும் அம்மாவைக் கேலி செய்வார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்காது.

அம்மாவுக்கு ரத்தப்போக்கு இருந்திருக்கிறது. எத்தனை மாதமாகவோ, யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒருநாள் காலையில் மரத்தடியில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். என்னென்னவோ செய்து பார்த்தார்கள், ரத்தம் நிற்கவே இல்லை. படுக்கையிலிருந்து அப்பாவிடம் அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். “அவனுக்கு எழுதிடாதீங்க. கடைசிப் பரீட்சை. படிப்ப விட்டுட்டு ஓடி வந்துருவான்.”

அப்பா எழுதவில்லை. ஒரே மகன் வைக்க வேண்டிய கொள்ளியை அப்பாவே வைத்தார், அப்பாவே மொட்டை அடித்துக்கொண்டார். பரீட்சை முடிந்ததும் எழுதிவிடுவது என்றுதான் எண்ணம். ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அண்ணன் கடுதாசி வந்து நின்றது. ‘அம்மா ஏன் எழுதவில்லை?’

இங்கேதான் நான் வருகிறேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தது ஒரு வருஷமாக நான்தான். கையெழுத்து என்னுடையது என்று அண்ணனுக்கும் தெரியும். அப்பா நீல நிறக் கடுதாசித் தாளை என் முன்னால் வைத்து, “அம்மா சொல்ற மாதிரியே எழுது பாப்பா,” என்றார்.

எழுதினேன். நன்றாகவே எழுதினேன் என்பதுதான் கொடுமை. உயிரோடிருந்த அம்மா சொன்ன கடுதாசிகளில் சுகம் விசாரிப்பு, மழை, சாப்பிட்டாயா, அவ்வளவுதான் இருக்கும். நான் எழுதிய அம்மா வாயாடி. பக்கத்து வீட்டுச் சேவல் கோயில் மணியடித்த கதை சொன்னார், தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா இல்லையா என்று அண்ணனைத் திட்டினார், பனிக்காலத்தில் குளிக்காமல் ஏமாற்றாதே என்றார். எழுதி முடித்து அப்பாவிடம் வாசித்துக் காட்டுவேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு ‘ம்’ என்பார். இப்படி மூன்று கடுதாசி போனது. நான்காவது எழுதுமுன் அண்ணனிடமிருந்து அப்பாவுக்கும் அம்மாவுக்குமாக இரண்டு டிக்கெட் வந்தது. பரீட்சை முடிந்தது, வந்து என் ஊரைப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

அப்பா இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள், இது கடுதாசியில் எழுதுகிற சங்கதி இல்லை, நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும் என்று எழுந்தார். ஈப்போவில் டிக்கெட் கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி அம்மாவின் டிக்கெட்டை எனக்கு மாற்றினார். என்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லையே. விமானத்தில் என் பெல்ட்டை மாட்டிவிட்டபோது, “நான் சொல்ற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது,” என்றார். நான் தலையாட்டினேன். அதுவரை யாரும் என்னிடம் அவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்ததில்லை.

விமான நிலையத்தில் அண்ணனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அப்பாவின் மீசையை யாரோ எடுத்து ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிற மாதிரி இருந்தார். அப்பாவைக் கட்டிப்பிடித்தார், என்னைத் தூக்கினார், அப்புறம் எங்களுக்குப் பின்னால் பார்த்தார். வந்துகொண்டிருந்த கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசி ஆளும் வெளியே வந்த பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார்.

“அம்மாவுக்கு ஒடம்பு முடியல. டாக்டரு ப்ளேன் வேணாம்னுட்டாரு.”

அண்ணன் முகம் சுண்டிப்போனது. என் பக்கம் திரும்பி அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நல்லா இருக்காங்கண்ணே என்றேன், கண் இமைக்காமல்.

அது என்ன ஊரோ போங்கள். வெயில் பளீரென்று அடிக்கிறது, குளிர் எலும்பைக் கடிக்கிறது. எங்கே பார்த்தாலும் சைக்கிள், வாத்தியார்கள்கூட சைக்கிள். காற்று திரும்பினால் கல்லூரி மாட்டுக்கொட்டகை நாற்றம் வரும். அது ஒன்றுதான் எனக்குப் பழகிய வாசனை. அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரப்பர் மர நிரை பார்க்கப் போகிற கங்காணி மாதிரியே தெருத்தெருவாக நடந்தார். மனுஷனையே காணோம், எல்லாரும் எங்கே போய்த் தொலைந்தார்கள் என்று கேட்டார். அண்ணனின் அறையில் அம்மாவுக்கென்று வாங்கிய தடித்த குளிர்ச்சட்டை ஒன்று தொங்கியது. சும்மா தொங்குவானேன் என்று அண்ணன் அதை எனக்குப் போட்டுவிட்டார். கணுக்கால்வரை வந்தது. கையை நாலு மடிப்பு மடித்தோம். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

சொல்ல வந்தவர் சொல்லவே இல்லை. முதல் நாள், பிள்ளை ஆசையாகச் சோறாக்கியிருக்கிறான், சாப்பிடட்டும் என்றார். மறுநாள், நண்பர்கள் வந்திருக்கிறார்கள் என்றார். மூன்றாம் நாள் என் காதோடு, நாளைக்கு என்றார். அந்த மூன்றாம் நாள்தான் அண்ணன் மேசை இழுப்பறையிலிருந்து நீலத் தாள்களை எடுத்து வந்தார். அம்மா இப்போதெல்லாம் எவ்வளவு சிரிக்கச் சிரிக்க எழுதச் சொல்கிறார் தெரியுமா என்று அப்பாவுக்கே வாசித்துக் காட்டினார். சேவல் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். நான் பெருமையில் உப்பிப்போனேன். அப்பா தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம் அப்பா. அந்த மூன்று கடுதாசியும் இல்லாவிட்டால் முதல் நாளே சொல்லியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள் அண்ணன் நண்பரின் காரை இரவல் வாங்கி எங்களைத் திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். போகிற வழியெல்லாம் திராட்சையைப் பற்றி அண்ணன் பாடமெடுத்துக்கொண்டே வந்தார். பழத்துக்கு அது பருவமில்லையாம். போய்ப் பார்த்தால் இலைகூட இல்லை. முறுக்கிய கறுப்புக் கட்டைகள் கம்பியில் கையை விரித்துக்கொண்டு வரிசை வரிசையாக மலைவரைக்கும் நின்றன. இதற்கா இவ்வளவு பேச்சு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பாவுக்கு மட்டும் காலில் உயிர் வந்தது. நிரையைக் கண்டதும் உள்ளே இறங்கி நடந்தார்.

கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டார். கொடிகளின் நுனியெல்லாம் கத்தரித்திருந்தார்கள். வெட்டிய ஒவ்வொரு வாயிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பால் இல்லை, பிசுக்கு இல்லை, வெறும் தண்ணீர். எந்த மடையன் இப்படி வெட்டினான் என்று கேட்டார். எங்கள் தோட்டத்தில் பட்டையைத் தாண்டிக் கத்தி கட்டைக்குள் இறங்கினால் அதற்குக் காயம் என்று பெயர். காயம் போட்டவனை அப்பா சும்மா விடமாட்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி ஏசுவார்.

அண்ணன் சிரித்தார். இது காயம் இல்லை, குளிர் விட்டதும் வேர் தண்ணீரை ஏற்றுகிறது, வெட்டிய வழியாக ஒழுகுகிறது, நாலைந்து நாளில் தானே நின்றுவிடும், கொடிக்கு ஒன்றும் ஆகாது என்றார். அப்பா காதில் வாங்கவே இல்லை. குனிந்து ஈரமண்ணை ஒரு பிடி அள்ளிப் பிசைந்து வெட்டுவாயில் அப்பினார். மண் கரைந்து விழுந்தது. மறுபடி அப்பினார். அடுத்த கொடிக்குப் போனார், அதற்கடுத்ததற்கும் போனார். அவர் அப்ப அப்ப அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் வேலை செய்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அமெரிக்காவில் வந்து மானத்தை வாங்குகிறாரே என்று அழுகை வந்தது. குளிருது அண்ணே என்றேன். அண்ணன் என்னைக் காரில் உட்கார்த்திக் கதவைச் சாத்திவிட்டு அப்பாவிடம் திரும்பிப் போனார்.

கண்ணாடி வழியாகத்தான் மிச்சத்தைப் பார்த்தேன். அப்பா சேற்றுக் கையோடு நிமிர்ந்தார். ஏதோ பேசினார், கொஞ்சம்தான். அண்ணன் நின்ற இடத்திலேயே ஈரத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலைமேல் கையை வைத்தார், சேற்றோடு. தோட்டத்துக்காரரான அப்பாவின் பேச்சைக் கேட்காததற்கு அண்ணன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்ததும் அப்பாவைத் தனியாகப் பிடித்து, சொல்லிட்டீங்களா என்று கேட்டேன். இல்லை, நீயும் சொல்லிவிடாதே என்றார். அப்பா பொய் சொன்னார் என்பது எனக்குப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை, ஊர் திரும்பிய பிறகு கடுதாசியில்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் கடைசியாகப் படுத்திருந்தபோது அவராகவே சொன்னார். மண்ணில் உட்கார்ந்திருந்த அண்ணன் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். “பாப்பாக்கிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லாதீங்கப்பா. அவ பேசட்டும்.”

மறுநாள் காலை அண்ணனுக்கு மீசை இல்லை. மழுங்கச் சிரைத்திருந்தார். அப்பா மொட்டை அடித்தது எனக்குத் தெரியும். தாய்க்கு மகன் மீசை எடுப்பது அன்று என் மண்டையில் ஏறவில்லை. வெள்ளைக்காரன் மாதிரி இருக்கீங்கண்ணே என்று கைகொட்டிச் சிரித்தேன். அண்ணனும் சிரித்தார். கண் வீங்கியிருந்தது. சளி பிடித்துவிட்டது என்றார்.

அதற்குப் பிறகு மிச்சம் இருந்தது ஆறு நாள். ஆறு நாளும் அண்ணன் காலையிலும் மாலையிலும் என்னைச் சைக்கிளில் பின்னால் உட்கார்த்தி ஊரைச் சுற்றினார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். முன்னாலிருந்து கேள்வி வரும். அம்மா காலையில் என்ன சாப்பிடுகிறார்? கோழிக்குஞ்சு வளர்க்கிறாரா? என்னைப் பற்றி என்ன சொல்வார்? நான் ஒன்றுக்குப் பத்தாகச் சொன்னேன். அம்மா இப்போது தடித்துவிட்டார், ஆயர் தாவாரில் இருக்கிற சித்தியின் கல்யாணத்துக்குச் சிவப்புப் புடவை கட்டினார், அண்ணன் படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார் என்றெல்லாம் அள்ளிவிட்டேன். படம் மாட்டியது மட்டும் உண்மை. நான் நிறுத்தினால் அண்ணன் மெதுவாகக் கேட்பார். “வேற என்ன சொன்னாங்க?” சில சமயம் சைக்கிளை மரத்தடியில் நிறுத்திவிட்டு, காற்று, கண்ணில் தூசி என்று முகத்தைத் துடைத்துக்கொள்வார். அங்கே காற்று அதிகம்தான்.

கிளம்புகிற அன்று காலையும் ஒரு சுற்றுப் போனோம். எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. யோசித்து யோசித்து, பட்டம் வாங்குனதும் ஒரு நாள்கூட நிக்காம வீட்டுக்கு வரச் சொன்னாங்கண்ணே என்றேன்.

அண்ணன் சைக்கிளைத் திருப்பினார்.

“வாரேன்னு சொல்லு.”

“சொல்றேண்ணே.”

விமானம் ஏறியதும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அவர்மேல் ஒரே கோபம். பன்னிரண்டு நாள் வாய் தவறாமல், ஒரு தடவைகூட மாட்டிக்கொள்ளாமல் அண்ணனை ஏமாற்றியிருக்கிறேன். கெட்டிக்காரி என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?