மறுபடியும் ஒளு

அம்மா தொழுகையைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவாள். குளியலறைக்குப் போய், கை கால் முகம் கழுவி, தொழுகைக்கு முன் செய்யும் ஒளுவை மறுபடியும் செய்துவந்து, முதலிலிருந்து தொடங்குவாள். சில நாள் ஒரே தொழுகைக்கு மூன்று முறை.

"எத்தினி வாட்டிம்மா கழுவுவே? டேங்க் தண்ணி மொத்தமும் உனக்கே பத்தாது போல!" நோன்பு மாதத்தில் ஒருநாள் உறவுப் பெண்களின் முன்னால் கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அம்மா பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகவே தொழுதாள். அவளுக்குச் சுத்தப் பைத்தியம் என்றே அவள் சாகும்வரை நினைத்திருந்தேன்.

அவள் இறந்த மறுவருடம் எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. ஒருநாள் தொழுகையில் குனிந்தபோது இருமல் வந்தது. கூடவே சிறுநீர் கசிந்தது. ஒளு முறிந்துவிட்டது; மறுபடியும் கழுவி முதலிலிருந்து தொழவேண்டும். ஈரத்துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மா திரும்பத் திரும்பக் கழுவியதும் கதவைச் சாத்திக்கொண்டதும் ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் நடந்தே போய் ஒரு பிசியோதெரபி டாக்டரைப் பார்த்தேன்.

"பிரசவத்துல கீழ தாங்குற தசை தளர்ந்துடுதுங்க. மூத்திரத்தை அடக்குற மாதிரி அதை இறுக்கிப் பிடிச்சு, மெதுவா விடுங்க. நிறைய பேருக்குச் சரியாயிடுது. ஆனா தினமும் வேளை தவறாம செய்யணும், அதான் ஜாஸ்தி பேரால முடியறதில்ல," என்றார் அவர்.

காய்ச்சலில் கிடந்தபோதும் ஐந்து வேளைத் தொழுகையில் ஒன்றைக்கூட விட்டவளில்லை என் அம்மா.