இரண்டாவது தாள்

குவைத்திலிருந்து வரும் கடித உறையைக் கிழித்தால் முதலில் சவர்க்கார வாசம்தான் வரும். றஹீமா ராத்தா எழுதியதை அனுப்ப வழி கிடைக்கும்வரை உடுப்புப் பெட்டியில் சவர்க்காரக் கட்டிகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருப்பாள்.

கம்பளையில், ஆற்றுக்குப் போகும் சந்தில், எங்கள் அடுத்த வீடு அவளுடையது; எனக்கு அக்கா முறை. அவள் வீட்டுவேலைக்கு வெளிநாடு போனபோது எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு அடி வாங்குகிறவள் நான்; ஆனால் தட்டுத்தடுமாறாமல் வாசிப்பேன். அவளுடைய உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் கதிரைகளை இழுத்துப்போட்டு, எல்லாருக்கும் பாலில்லாத 'பிளேன்டீ' ஊற்றி, சந்துப் பெண்கள் வந்து உட்கார்ந்த பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். "நான் நல்ல சுகம், மெடம் தங்கமானவர்" என்றுதான் எப்போதும் தொடங்கும்.

உறைக்குள் சின்னதாக மடித்த இன்னொரு தாளும் இருக்கும்; உறையைப் பிரிப்பவள் நான் என்பதால் யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொள்வேன். போவதற்கு முந்திய நாள் ராத்தா சொல்லியிருந்தாள்: "பெரிய தாள் எல்லாருக்கும். சின்னது ஒங்களுக்கு மட்டும், புள்ள. வாசிச்சிட்டு ஆத்துல போட்டுடுங்க." அப்படியே செய்துவந்தேன். அவளுடைய உண்மையான நாட்கள் அதில்தான் இருந்தன. ஒரு சிறுமிக்கு ஏன் எழுதினாள் என்றால், பதிலுக்கு அழுது கடிதம் போடாத ஆள் வேறு யாரும் அவளுக்கு இல்லை.

ஒருமுறை பெரிய தாளில் நான்கே வரிகள். "அம்புட்டுதானா? படத்துக்குப் போனா பாதியில லைட்டப் போட்ட மாதிரில்ல இருக்கு" என்றார் கேட்க வந்திருந்த செல்லம்மா அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சின்னத் தாளைப் பிரித்து, அதே குரலில், அதே வேகத்தில் வாசித்தேன். "சமையலறைத் தரையில்தான் படுக்கிறேன். மெடத்துக்குக் கோபம் வந்தால் சாப்பாடு இல்லை. பால்கனிக் கதவைப் பூட்டி வெளியே நிறுத்திவிடுவார். உம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்." கடைசி வரியையும் வாசித்த பிறகுதான் நிறுத்தினேன்.

ராத்தாவின் உம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "என்ன புள்ள வாசிச்சீங்க? ஒருக்கா திருப்பி வாசிங்க."

தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அன்றே உம்மா வேறொருவரைப் பிடித்து, உடனே வரச்சொல்லி எழுதுவித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது, ஒரே தாள். "அது சும்மா பகிடிக்கு எழுதினது. நான் நல்ல சுகம்."

அதன்பிறகு இரண்டாவது தாள் வரவே இல்லை. மூன்று வருடம் கழித்து ராத்தா வந்தாள், கறுத்து, மெலிந்து. எனக்கு ஒரு சவர்க்காரம் தந்து, "வளந்துட்டீங்களே" என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கொழும்பு, ஜோர்தான், பெய்ரூத் என்று வீட்டுவேலைக்கு நானும் அலைந்தேன். நாட்காட்டித் தாளின் பின்புறத்திலும் பால்மாப் பெட்டி அட்டையிலும் தங்கள் கதையை எழுதும் பெண்கள் அங்கே எனக்குச் சிநேகிதிகளானார்கள். அவர்கள் காட்டியவற்றை வாய்க்குள்ளேயே வாசித்துவிட்டுத் திருப்பிக்கொடுத்தேன்.

இப்போது கட்டுகஸ்தோட்டையில் ஒரு வாடகை அறை. கடித உறையும் இல்லை, சந்தில் யாரும் கூடுவதுமில்லை. அந்தச் சிநேகிதிகளில், பெய்ரூத்தில் இன்னும் இருக்கும் வத்தேகம ஊர்க்காரி ஒருத்தி, அன்றைய நாளைத் தொலைபேசியில் பேசிப் பதிந்து அனுப்புவாள். "இது ஒனக்கு மட்டுந்தான்டி" என்று முடிப்பாள். அறையில் என்னைத் தவிர யாருமில்லை. ஆனாலும் சத்தத்தைக் குறைத்து, காதோடு அழுத்தி வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.