அப்பாவின் சாஸுக்கு ஓர் இரவல் மூக்கு

அப்பா காலமான பிறகு வரும் முதல் தக்காளிக் காலம் இது.

அவர் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பட்டறையில் அவருக்குக் ‘கண்ணாடி’ என்று பெயர். அவர் அடித்த கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அந்தத் தொழில் அவருடைய மூக்கைக் கொண்டுபோய்விட்டது. சோப்பின் வாசனையும் பெயிண்டில் கலக்கும் தின்னரின் நெடியும் அவருக்கு ஒன்றுதான். வீட்டுக்கு வெளியே யாருக்கும் இது தெரியாது. தெரிந்தால் பட்டறையில் கேலி பண்ணியே கொன்றுவிடுவார்கள் என்று பயந்தார்.

ஆனாலும் எங்கள் வீட்டில் தக்காளி சாஸ் செய்வது அவர்தான். பழுத்த பழத்தின் அடியில் கத்தியால் கீறி, கொதிநீரில் முக்கி எடுப்பார். தோல் தானே சுருண்டு வரும். அரைத்து, சல்லடையில் தேய்த்து, அகலப் பாத்திரத்தில் ஏற்றுவார். பட்டை, கிராம்பு, பூண்டு மூன்றும் துணி முடிச்சில் உள்ளே கிடக்கும். சர்க்கரையும் வினிகரும் கடைசியில். ஒரு சொட்டைத் தட்டில் விட்டுச் சாய்ப்பார். சுற்றிலும் தண்ணீர் பிரிந்தால் இன்னும் கொதிக்க வேண்டும். அடி பிடித்திருக்கிறதா என்று முகர்ந்து சொல்வது மட்டும் அம்மாவின் வேலை.

ஒரு வருடம் பட்டறை விருந்துக்குச் சாஸ் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தார்.

“கண்ணாடி, டப்பாவ மாத்தி எடுத்துட்டு வந்துடாதப்பா. உன் சிவப்பு பெயிண்டைத் தொட்டுக்கப் போறோம்,” என்றாராம் ஃபோர்மேன்.

விருந்தன்று காலை அம்மா ஆஸ்பத்திரி டூட்டியில் மாட்டிக்கொண்டார். மாற்று நர்ஸ் வரவில்லை. எனக்குக் கடும் ஜலதோஷம்.

கிளறிக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. “கரண்டி அடியில சொரசொரங்குது.”

சுரண்டவில்லை. அடுப்பை அணைத்து, மேலே இருந்ததை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றினார். அடி கறுத்திருந்தது. அந்த வாடை மேலே ஏறிவிட்டதா? நாக்கில் வைத்தார். புளிப்பு தெரிந்தது, இனிப்பு தெரிந்தது. கருகலைக் கண்டுபிடிப்பது மூக்கின் வேலை. என்னைப் பார்த்தார். நான் தும்மினேன்.

“வீட்டுல ரெண்டு மூக்கு. ரெண்டும் லீவு,” என்றார்.

மாடி வீட்டு டீச்சரோடு அவருக்குப் பேச்சு கிடையாது. டீச்சர் செடிக்கு ஊற்றிய தண்ணீர், அப்பா கீழே நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் ஈரப் பெயிண்டில் சொட்டியதிலிருந்து. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, கிண்ணமும் ஸ்பூனுமாகப் படியேறினார். நானும் பின்னால் போனேன்.

டீச்சர் கதவைத் திறந்தார். “இன்னைக்கு எந்த வண்டியில சொட்டுச்சு?”

“சண்டைக்கு வரலை டீச்சர். எனக்கு மூக்கு வேலை செய்யாது. வருஷக்கணக்கா. இது கருகியிருக்கான்னு மோந்து பாத்துச் சொல்லுங்க. பட்டறையே சாப்பிடப் போகுது.”

டீச்சர் சிரிக்கவில்லை. கிண்ணத்தை வாங்கி முகர்ந்தார். ஒரு வாய் வைத்தார்.

“கருகல் இல்லை. உப்புதான் கம்மி.”

“உப்பு சரியா இருக்கு. அது எனக்கு நாக்குலயே தெரியும்.”

“அப்புறம் என்கிட்ட எதுக்கு வந்தீங்க?”

“மூக்குக்கு மட்டும்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா உப்பைக் கூட்டவில்லை. விருந்தில் ஒரு பாட்டில்கூட மிஞ்சவில்லை. பாராட்டிய ஃபோர்மேனிடம், “எனக்கு மோப்பம் கிடையாது சார். மூக்கு மாடி வீட்டு டீச்சரோடது,” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பட்டறையே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அதன் பிறகும் அவர் ‘கண்ணாடி’தான்.

அளவுக் கருவிகளைச் சோதிப்பது இப்போது என் தொழில். தன் கருவி பழுது என்று ஒருவரை ஒப்புக்கொள்ள வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அப்பா, பேச்சு வார்த்தை இல்லாத வீட்டுக் கதவைத் தட்டி, தானே சொன்னார். நான் அவர் பிள்ளை.

நேற்று சாஸ் செய்தேன். கருகவில்லை. என் மூக்குக்கே தெரிந்தது. ஆனாலும் கிண்ணத்தோடு மாடி ஏறினேன். டீச்சர் முகர்ந்தார். ஒரு வாய் வைத்தார்.

“உப்பு கம்மி,” என்றார். குரல் உடைந்திருந்தது.

“சரியா இருக்கு டீச்சர்,” என்றேன்.