மாமி கலந்த விதை

எண்பதுகளின் நடுவில் சரவணைக் கிராமத்தில் எங்களுக்கு ஐந்து துண்டு வயல் இருந்தது. கடைசித் துண்டுக்கு அப்பால் புல் முளைத்த உவர்த் தரவை நிலம், அதற்கப்பால் கடல். மழையை நம்பி வருடத்துக்கு ஒரு போகம்தான். அப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் வந்து ஞாயிறு போய்விடுவார். மற்ற நாட்களில் வயலைப் பார்த்துக்கொண்டது அவருடைய அக்கா. எனக்கு மாமி. கணவர் இறந்த பிறகு எங்களோடுதான் இருந்தார்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம், அப்பா ஒரு சிநேகிதரிடமிருந்து இரண்டு சாக்குப் புது இன விதைநெல் கொண்டுவந்தார். குட்டையாக வளரும், காற்றுக்குச் சாயாது, எல்லாக் கதிரும் ஒரே நேரத்தில் முற்றும், பழைய நெல்லைவிட இரண்டு மடங்கு விளையும் என்றார். ஐந்து துண்டுக்கும் அதையே விதைப்பதென்று முடிவாயிற்று. வீட்டில் பழைய விதைநெல்லும் ஒரு சாக்கு இருந்தது. மொட்டைக்கறுப்பனோடு, பெயர் எனக்கு மறந்துபோன மூன்று நான்கு வகைகளும் அதில் கலந்திருந்தன. அதைக் குத்திச் சாப்பிட்டுவிடலாம் என்றார் அப்பா. மாமி ஓம் என்று தலையாட்டினார்.

புரட்டாதியில் மாமி புழுதியில் விதைத்தபோது ஓலைக் கடகத்தில் விதைநெல்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது நான். பொழுதுபோகாமல் ஒரு நெல்லை எடுத்துப் பல்லால் உமியை நீக்கினேன். உள்ளே, பழைய நெல்லைப்போல, சிவப்பாக இருந்தது. புது நெல்லின் அரிசி வெள்ளை என்று எனக்குத் தெரியும். மாமியைக் கேட்டேன்.

"அப்பாட்டைச் சொல்லாதை" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த கைப்பிடியை வீசினார்.

இரண்டு மாதம் சொல்லாமல் இருந்தேன். அந்த வயதில் அது சாதனைதான். கார்த்திகையில் குட்டைப் பயிருக்கு நடுவே அங்குமிங்கும் சில பயிர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. அப்பா வரம்பில் நின்று, கலப்பட விதை தந்துவிட்டானென்று சிநேகிதரைத் திட்டத் தொடங்கினார். பாவம், அந்த மனிதருக்காகத்தான் உண்மையைச் சொன்னேன் என்று வெகுகாலம் எண்ணியிருந்தேன். அப்பாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று காட்டும் ஆசைதான் பெரிது.

அப்பா மாமியோடு சண்டை பிடிக்கவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டார். சனிக்கிழமை காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கி, உயர்ந்து நின்ற பயிர்களையெல்லாம் பிடுங்கினார். அவர் தவறவிட்டதையும் நான் கண்டுபிடித்துப் பிடுங்கினேன். மாமி வரம்பில் நின்று சிறிது நேரம் பார்த்தார். பிறகு பிடுங்கியதைக் கட்டிக்கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டார். இரண்டு சனிக்கிழமைகளில் நான்கு துண்டு சுத்தமாயிற்று. மூன்றாம் சனிக்கிழமை, யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் சண்டை என்று, அங்கிருந்து எங்கள் தீவுக்குக் கடல் மேல் வரும் பண்ணைப் பாதையை மூடிவிட்டார்கள். அப்பா வரவில்லை. தரவை ஓரத்துத் துண்டு மட்டும் அப்படியே நின்றது.

அடுத்த கிழமை புயல் அடித்தது. கடல் தரவையைத் தாண்டி வயலுக்குள் ஏறி ஒரு பகலும் இரவும் நின்றது. அது வடிந்த பிறகு நல்ல மழை பெய்திருந்தால் உப்பைக் கழுவியிருக்கும். பெய்யவில்லை. இலை நுனிகள் வைக்கோல் நிறமாகி, நிறம் கீழே இறங்கியது. நாங்கள் சுத்தமாக்கிய நான்கு துண்டும் பத்தே நாளில் காய்ந்தன. அப்பா சொன்னதுபோலவே, எல்லாம் ஒரே நேரத்தில்.

உப்பு அதிகம் ஏறியது கடைசித் துண்டில்தான். அங்கேயும் புது நெல் முழுக்கப் போயிற்று. பழையதிலும் பல வகை போயின. ஆனால் ஒரு வகை மட்டும், கீழ் இலைகள் கருகிய நிலையிலும், கதிர் தள்ளி நின்றது.

பாதை திறந்து வந்த அப்பா உடுப்பும் மாற்றாமல் வயலுக்குப் போனார். மாமியும் நானும் அங்கே நின்றோம். அவர் ஒரு கதிரைக் கையால் நிமிர்த்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அக்கா, எது தப்பும் எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"எனக்கெப்பிடித் தெரியும் தம்பி? மழை கூடினால் ஒண்டு நிக்கும், குறைஞ்சால் இன்னொண்டு நிக்கும். எந்த வருசம் என்ன வரும் எண்டு தெரியாமல்தானே எல்லாத்தையும் போட்டனான்."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மாமிக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்றால் கதை நன்றாக இருந்திருக்கும்.

தையில் ஒன்றரைச் சாக்கு நெல் வந்தது. பிள்ளைகளுக்கு என்னத்தைக் குடுக்கிறது என்று அம்மா கேட்டார். அப்பா அரைச் சாக்கைக் குசினிப் பக்கம் வைத்துவிட்டு, மற்றதை விதைக்கென்று கட்டினார். அந்த வருடம் நாங்கள் பெரும்பாலும் கோதுமை மாப் பிட்டுத்தான் சாப்பிட்டோம். நான் பிடுங்கிய பயிர்களைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆகவே அதில் பிழை ஒன்றும் இல்லையென்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா சைக்கிள் மிதிக்க, மாமி விதைநெல்லில் கொஞ்சத்தைப் பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்து போனார். வேலணை, புங்குடுதீவு என்று வீடுவீடாக ஏறி, எங்கள் நெல்லில் இரண்டு சுண்டு அளந்து கொடுத்து, எங்களிடம் அழிந்துபோன வகைகளில் இரண்டு சுண்டு வாங்கிவந்தார்கள். வாங்கியதை எல்லாம் மாமி சாக்குக்குள் கொட்டிக் கையால் கிளறினார். அப்பா சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உப்பையே வென்ற நெல் கையில் இருக்க, செத்துப்போன நெல்லைத் தேடிப்போய் அதோடு கலக்கிறார்கள். இரண்டு பேருக்கும் புத்தி கெட்டுவிட்டது என்று மா குழைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.