கையில் பட்ட பந்து

பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்தில் எங்கள் பள்ளிக்கு நான்தான் கோல்கீப்பர். இறுதி ஆட்டம் தென்னேரிப் பக்கத்துப் பள்ளியோடு. ஆட்டம் முடிந்ததும் மாநில முகாமுக்கு ஆள் எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். முகாம் சென்னையில். அப்பா அன்று மதியம் தறியை நிறுத்திவிட்டு மைதானத்துக்கு வந்திருந்தார்.

"நீ செலக்ட் ஆயிடு, நானே கூட்டினு போய் உட்டுட்டு வரேன்" என்றார்.

கடைசி நிமிடங்கள் வரை இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. எங்கள் தடுப்பாட்டக்காரி ஒருத்தி, எதிரணிப் பெண்கள் நெருக்கவும், பந்தைக் காலால் என்னிடம் தட்டிவிட்டாள். நான் குனிந்து கையில் எடுத்துக்கொண்டேன். உடனே விசில். நம் அணிக்காரி காலால் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எதிரணிக்கு ஃப்ரீ கிக், அதுவும் கோலுக்குப் பக்கத்திலேயே. நடுவர் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி நின்றார். எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அந்தக் கைக்கு வேறு அர்த்தம். இந்த ஃப்ரீ கிக்கில் நேராகக் கோலுக்குள் அடித்தால் கோல் கிடையாது. உதைத்தவளைத் தவிர வேறு யார் மேலாவது பட்டுப் போனால்தான் கோல். அது கோல்கீப்பரின் கையாக இருந்தாலும் சரி.

எங்கள் கோச்சுக்கு அது தெரியும். கோட்டோரத்தில் ஓடிவந்து கத்தினார்: "விட்டுடு! தொடாத!"

அத்தனை கூச்சலில் எனக்குக் கேட்டது "விட்டுடாத!"

அந்தப் பெண் நேராகவே அடித்தாள். வரிசையாக நின்ற எங்கள் பெண்களின் தலைக்கு மேல் வந்த பந்தை எட்டிப் பாய்ந்தேன். விரல் நுனியில் பட்டது. தொட்டுவிட்டேன் என்று ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. திரும்பிப் பார்த்தால் பந்து வலைக்குள் கிடந்தது.

கோச் என்னைத் திட்டவில்லை. "இத நான் முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்கணும்மா. பெரிய பசங்க ஆட்டத்துலதான் இதெல்லாம் வரும்னு இருந்துட்டேன்" என்றார். திட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

கோல் அடித்தவளை முகாமுக்கு எடுத்தார்கள். எனக்கு அடுத்த வருஷம் வயது தாண்டிவிட்டது. பிறகு டியூஷன், கல்லூரி. கிளவுஸ் எங்கே போனதென்றே தெரியவில்லை.

இப்போது ஒரு பட்டுக் கடையில் வேலை பார்க்கிறேன். சென்ற ஆவணியில் முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்தது. கல்யாணப் பெண் புடவையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஸ்கூல்ல ஃபுட்பால் ஆடினு இருந்தீங்கதானே? கோல்கீப்பர்?"

"ஆமாங்க."

"அந்த ஃப்ரீ கிக் அடிச்சது நான்தாங்க."

பிரித்த புடவையைக் கீழே வைத்தேன். அவள் சிரித்தாள். "எனக்கு அந்த ரூலே தெரியாதுங்க. நேரா அடிச்சிட்டேன். எங்க சார் தலைல அடிச்சிக்கினு இருந்தாரு. உங்க கை பட்டுச்சோ, நான் பொழச்சேன்."

"கேம்ப் எப்படி இருந்துது?"

"எங்க போனேன்? பொம்பளப் புள்ளய அவ்ளோ தூரம் அனுப்ப மாட்டேன்னுட்டாங்க வீட்ல. பேரு வந்துது, அவ்ளோதான்."

என் வீட்டில் அனுப்பியிருப்பார்கள் என்பதை நான் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவளிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அவளுடைய அம்மா அரக்கு நிறப் புடவையை அவள் தோளில் வைத்துப் பார்த்தார். எல்லாருக்கும் பிடித்திருந்தது. மற்றவர்கள் பில் போடக் கீழ்த்தளத்துக்குப் போனபோது அவள் மட்டும் பின்தங்கினாள்.

"நீங்க தொடாம விட்டிருந்தா என்னங்க ஆயிருக்கும்?"

"கோல் கிக். பந்து எங்களுக்கு வந்திருக்கும்."

"அதுக்கப்பறம்?"

"தெரியலைங்க" என்றேன்.

அவள் தலையாட்டினாள். கீழேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள்.