வாசலில் கிடக்கும் நீலத் தறப்பாள்

இல்லை, அது குப்பை இல்லை.

தேயிலைத் தோட்ட லயத்து வரிசையில் எங்கள் வீட்டு வாசலில் மண் வெடித்திருக்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் வாசலோடு வீடும் சரிந்துவிடும். அதனால்தான் அம்மா அதன்மேல் தண்ணீர் புகாத நீலத் தறப்பாளை விரித்து, நான்கு பக்கமும் கல் வைத்திருக்கிறார்.

இன்று காலை தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா தோட்ட ஆபீஸ் கடிதத்தோடு வந்தார். வாசலை அலங்கோலமாக வைத்திருப்பது விதிமீறலாம். மூன்று நாளில் தறப்பாளை அகற்ற வேண்டுமாம்.

"எதிர்ப் பங்களா இப்ப ஹோட்டலும்மா. அங்க படம் எடுக்கிறவங்களுக்கு ஒங்க நீலந்தான் மொதல்ல தெரியுதாம்."

"தறப்பாள நான் எடுத்துர்றேங்க ஐயா. வெடிப்ப யாரு எடுக்கிறது?" என்றார் அம்மா.

கண்டாக்கையா ஒரு கல்லை நகர்த்திக் குனிந்து பார்த்தார். கல்லைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "பச்சையில ஒன்னு வாங்கிப் போடுங்க. தேயிலைக்குள்ள தெரியாது" என்றார்.

மலை எந்த நிறத்தில் சரிந்தால் விதிமீறல் ஆகாது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மத்தியானம் ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் நீளம் கேட்டார். போன மாதம் வாங்கிய நீலத்தைவிட மூன்று அடி கூட்டிச் சொன்னேன்.